பாயளவு மௌனம்

பினாங்கில், ஆயர் ஈத்தாம் மலையில் சுரங்கம் இடிந்து மூன்று மாதம் கழித்து, நான்கு நாளுக்குமேல் தாங்காத பேட்டரியில் ஓடும் கருவியொன்று மண்ணுக்கடியிலிருந்து மறுபடியும் கூப்பிடத் தொடங்கியது. கூப்பிட்டதோடு நில்லாமல் கிழக்கு நோக்கி நகரவும் செய்தது. அந்த வருடம் டுரியான் விளைச்சல் குறைவு, மழை அதிகம். நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்க்காக மலையைக் குடைந்த சுரங்கம் அது. இடிந்தபோது உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர் என்று குத்தகை எடுத்த நிறுவனம் அறிவித்தது. ஒருவர் சர்வேயர் ஸ்ரீகரன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், டத்தோ கிராமாட்டில், அரசாங்க எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற தன் அக்கா புஷ்பராணியோடு வாழ்ந்தவர். மற்றவர் மின்வேலை பார்த்த ஜபருல்லா. அவருக்கு சூலியா தெருவுக்குப் பின்சந்தில் ஒரு வீடும், ஆசியா பீவி என்ற மனைவியும் இருந்தார்கள்.

சாதாரண வானொலி அலை மண்ணுக்குள் புகாது. மிக மெதுவாகத் துடிக்கும் அலை மட்டும் பாறையை ஊடுருவி மேலே வரும். அதனால் சுரங்கத்துக்குள் போகிறவர்கள் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு போவார்கள். இடிபாடு நேர்ந்தால் அது துடிக்கும். மேலே தேடுகிறவர் கம்பி சுற்றிய பெரிய வளையத்தைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டி நடப்பார். அப்படி நடந்தவர் ஹஸ்ருல். கெலுகோரில் பல்கலைக்கழகத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர், தாய்வழியில் தமிழ் வந்தவர். மலைச்சரிவில் குடை பிடித்து நின்ற புஷ்பராணியிடம் ஒருமுறை ஹெட்போனைக் கொடுத்தார். தூரத்தில் யாரோ கரண்டியால் தட்டுவது போன்ற சத்தம். ஹஸ்ருல் முன்னால் நடக்க நடக்க அது தேய்ந்தது. ஓரிடத்தில் இல்லாமலே போனது. புஷ்பராணி அழத் தொடங்கினாள்.

“நின்னு போச்சே தம்பி.”

“நின்னாத்தான் நல்லது அக்கா. எங்க சத்தம் சுத்தமா அடங்குதோ, அதுக்கு நேர் கீழதான் ஆள் இருக்காரு. சத்தம் பெருசா கேக்குற இடத்துல தோண்டினா வெறும் மண்ணுதான்.”

கேட்ட சத்தம் ஒன்றே ஒன்றுதான். மற்றவரின் கருவி நசுங்கிப்போயிருக்கும் என்றார்கள். கேட்டது யாருடையது என்று அந்தக் கருவி சொல்லாது. எல்லாம் ஒரே தாளத்தில் துடிப்பவை. சத்தம் அடங்கிய இடத்தில் துளையிட்டார்கள். மழையில் சரிவு இன்னொரு முறை பெயர்ந்தது. இயந்திரத்தைக் கீழே இறக்கினார்கள். பேட்டரி தீர்ந்தது. தேடுதல் முடிந்ததாக அறிவித்த அமைச்சர் குரல் தழுதழுக்கப் பேசினார். அவர் அதிகமாகத் துக்கப்பட்டார் என்றே ஊரில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அதைக் கேட்க ஹெட்போன் தேவைப்படவில்லை. மலைத்தோட்டத்தில் கீரை பயிரிடும் சீனர் ஒருவர் தன் சேவல் வாயைத் திறந்து திறந்து மூடுவதையும், சத்தம் வராததையும் பார்த்தார். சேவலைத் தூக்கி இரண்டடி தள்ளி வைத்தார், கூவியது. அவரே அந்த இடத்தில் போய் நின்று இருமிப் பார்த்தார். தன் இருமல் தனக்கே கேட்கவில்லை. ஒரு பாய் விரிக்கும் அளவு இடம். அதற்குள் எந்தச் சத்தமும் இல்லை, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவும் இல்லை. ஹஸ்ருல் வளையத்தோடு வந்து சுற்றி நடந்து பார்த்தார். வட்டத்தைச் சுற்றிலும் அதே தட்டல், நடுவில் ஒன்றுமில்லை. கீழே இருக்கிற ஆள் நடக்கிறார் என்றார். எவ்வளவு வேகம் என்று கேட்டவர்களுக்கு, கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டு போகிறவரின் வேகம் என்றார்.

வட்டம் அடுத்த வருடம் ஆயர் ஈத்தாம் சந்தைக்கு இறங்கி வந்தது. நகராண்மைக் கழகம் விபத்து நேராமலிருக்க அதைச் சுற்றி வெள்ளைச் சாயம் பூசியது. வட்டம் நகர்ந்ததால் இன்னொன்று பூசியது, பிறகு இன்னொன்று, மூன்றோடு விட்டுவிட்டது. அந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல் இன்றும் தெரிகின்றன. லக்சா நூடுல்ஸ் கடைக்காரர் ஒருவரின் மேசை அதற்குள் மாட்டியபோது, அந்த மேசைக்கு மட்டும் ஐம்பது காசு கூட வாங்கினார், ஆட்சேபித்தவர்கள் குறைவு. கெலுகோரிலிருந்து மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்க வந்தார்கள். இருபது வருடமாகக் காதில் இரைச்சலோடு இருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நன்றாகத் தூங்கினார்.

புஷ்பராணியும் ஆசியா பீவியும் அங்கேதான் முதன்முதலாக நேருக்கு நேர் நின்றார்கள். இருவருக்கும் விஷயம் தெளிவாகவே தெரிந்திருந்தது. நடக்கிறவர் ஒருவர். அவர் ஸ்ரீகரன் என்றால் ஜபருல்லா மலைக்கடியில் செத்துக் கிடக்கிறார். ஜபருல்லா என்றால் ஸ்ரீகரன். ஒருத்தியின் வேண்டுதல் பலித்தால் மற்றவளின் வீட்டில் சாவு. புஷ்பராணிக்குச் சந்தேகமே இல்லை. அவளும் தம்பியும் ஒரு மாலை முழுவதும் ஒரே கூடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பார்கள். அது கோபம் இல்லை, அவர்களுடைய குடும்பத்தின் இயல்பு. மண்ணுக்கடியில் நடந்தாலும் அவன் இப்படித்தான், ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் நடப்பான்.

“என்ர தம்பி அதிகம் கதைக்காதவன்” என்றாள் புஷ்பராணி. “இந்த அமைதியைப் பார்த்தாலே தெரியுது.”

“எங்க வீட்டுக்காரரு இருக்குற எடத்துல அடுத்தவங்க சத்தம் எப்பக்கா கேட்டிருக்கு?” என்றாள் ஆசியா. “அவரு வாயத் தெறந்தா மொத்தக் கடையும் கப்சிப்புன்னு ஆயிரும் லா. இது அவருதான்.”

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். பிறகு வெயில் ஏறியது என்று ஒரே கடையில் உட்கார்ந்து ஐஸ் காப்பி குடித்தார்கள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டத்தோடு நடப்பது அவர்களுக்கு வழக்கமாயிற்று. நடப்பது என்றால், நாற்காலி போட்டு உட்கார்வதுதான். ஒரு நாளில் அது போகும் தூரம் அவ்வளவுதான். வேறு வேலை இல்லாத ஞாயிறுகளில் ஹஸ்ருலும் வளையத்தோடு வந்தார். வட்டம் போகும் திசையில் முதலில் வருவது டத்தோ கிராமாட். அதைத் தாண்டி நேரே போனால் சூலியா தெரு. ஆகவே முதல் வீட்டில் நின்றால் ஒருவர், தாண்டினால் மற்றவர். இதை அவர்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. வீட்டில் பேச ஆட்கள் இருந்தார்கள். ஜபருல்லாவின் அண்ணன்கள், காதியிடம் போய் அவர் மவுத்தானதாக எழுதி வாங்கி, ஆசியா இத்தா இருக்க வேண்டும் என்றார்கள். விதவை நாள் குறித்து வீட்டுக்குள் இருந்து முடித்தால்தானே அவளுக்கு அடுத்த வாழ்க்கை. நடந்து வருகிற புருஷனுக்கு இத்தா இருக்க முடியாது என்று ஆசியா சொல்லிவிட்டாள். புஷ்பராணியின் அண்ணன் பரமநாதன் கெலுகோரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வந்தார்.

“ராணி, முப்பத்தொராம் நாள் எப்பவோ போயிட்டுது. அந்தியேட்டி செய்யாமல், கடைசிக் கடனைத் தீர்க்காமல் வச்சிருக்கிறது அவனுக்குத்தான் கூடாது.”

“நடந்து வாறவனுக்கு என்னண்டு அண்ணா அந்தியேட்டி செய்யிறது?”

“யார் நடக்கிறது? சத்தம் ஒண்டு நடக்குது.”

“சத்தம் இல்லாததுதான் நடக்குது” என்றாள். பரமநாதன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் வந்து அதையே திரும்பச் சொன்னார்.

கிருமிக் காலத்தில் ஊரை அடைத்தபோது அவர்கள் வட்டத்தைத் தொலைத்தார்கள். தெருக்கள் எல்லாமே ஓசையில்லாமல் கிடந்ததால் அதன் விளிம்பு எங்கே என்று தெரியவில்லை. வெளியே வர அனுமதியில்லாத அந்த மாதங்களில் இரண்டு பெண்களும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். பேச ஒன்றுமில்லாதபோதும் வைக்காமல் இருந்தார்கள். ஆசியாவுக்கு அப்படி இருப்பது முதலில் பழக்கமில்லை, பிறகு பழகிக்கொண்டாள். கட்டுப்பாடு தளர்ந்தபின் ஒரு சீனரின் இறுதி ஊர்வலம் ஆயர் ஈத்தாம் சாலையில் வந்தது. பேண்டு வாத்தியம் ஒரு கடை வாசலில் சட்டென்று ஊமையாகி, கடையைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இறந்தவரின் மகன் அதற்காகக் கூலியில் எதுவும் பிடிக்கவில்லை. இரண்டு பெண்களும் நாற்காலிகளை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்.

இன்னும் இரண்டு வருடம் கழிந்து, தைப்பூசத்துக்கு ரதம் வந்தபோது, வட்டம் டத்தோ கிராமாட் சாலையின் நடுவில் கிடந்தது. வழக்கம்போல மலை மலையாகத் தேங்காய்களைக் குவித்து, ரதத்துக்கு முன்னால் இருபுறமும் நின்று உடைத்தார்கள். அந்த இடத்தில் விழுந்த தேங்காய்கள் மட்டும் ஓசையில்லாமல் சிதறின; தண்ணீர் தெறித்தது, ஓடு பறந்தது, பஞ்சு உடைந்த மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அங்கே உடைத்த நேர்த்திக்கடன் முருகனுக்குச் சேருமா என்று வாக்குவாதம் எழுந்தது; ஒருவர் சந்தேகம் வேண்டாம் என்று நாலடி தள்ளிப்போய் இன்னும் நூறு உடைத்தார். புஷ்பராணி கூட்டத்துக்குள் நுழைந்து வட்டத்தில் நின்றாள். நாதஸ்வரம் நின்றது, உறுமி நின்றது, லட்சம் பேரின் வேல் வேல் நின்றது. அவளுக்குத் தன் தம்பியோடு ஒரே கூடத்தில் இருப்பது போல இருந்தது.

சித்திரையில் அது அவளுடைய தெருவுக்குத் திரும்பியது. புஷ்பராணி ஸ்ரீகரனின் அறையைக் கழுவி, தலையணை உறை மாற்றி, அவன் சாப்பிடும் தட்டை எடுத்துத் துடைத்து வைத்தாள். ஆசியாவுக்குச் சொல்லவில்லை; சொல்ல வாய் வரவில்லை. வட்டம் பின்சந்துச் சாக்கடையைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்தது. குழாய்த் தண்ணீர் ஓசையில்லாமல் விழுந்தது. அங்கிருந்து கூடம். கூடத்தின் நடுவில் அது நின்றுவிட்டது. விடிந்ததிலிருந்து நகரவில்லை. புஷ்பராணி தரையில் உட்கார்ந்து, பிறகு குப்புறப் படுத்து, சிமெண்டில் கன்னத்தை வைத்தாள். தம்பி, வந்திட்டியா, இதுதானடா வீடு என்றாள். தன் குரல் தனக்கே கேட்காததால், சொன்னாளா நினைத்தாளா என்று தெரியாமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவனுக்கு ஐந்து வயதானதிலிருந்து சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் யாரும் அவ்வளவு பேசியதில்லை. மத்தியானத்தில் அவளுக்கு ஏதோ உறுமல் கேட்டது. குளிர்பெட்டியின் சத்தம். அடுத்ததாகத் தன் குரல் கேட்டது, கரகரத்துப்போய், பாதி வாக்கியத்தில். எழுந்து கைதட்டிக்கொண்டே தேடினாள். வட்டம் வாசல்படியில் இருந்தது. மாலையில் அது தெருவில் இருந்தது.

ஆசியாவைத் தொலைபேசியில் கூப்பிட இரண்டு நாள் ஆயிற்று. “உன்ர ஆள்தான் ஆசியா” என்றாள். “வாறார். வீட்டைக் கூட்டி வை.”

 அந்தப் பக்கம் ஆசியா விம்மினாள். “நான் சந்தோசப்படவா, என்ன பண்ணவாக்கா?”

“சந்தோசப்படு” என்றாள் புஷ்பராணி. அன்று பரமநாதனுக்குச் சொல்லியனுப்பவில்லை. ஜபருல்லா வீடு சேரட்டும், அதன்பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஞாயிறுகளில் பழையபடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது அவள் காத்திருந்தது இன்னொருத்தியின் புருஷனுக்காக. அதைச் செய்வது அவள் பயந்த அளவு கஷ்டமாக இல்லை.

வட்டம் பினாங்கு ரோட்டைக் கடக்க மழைக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. சூலியா தெருவில் வெள்ளைக்காரப் பயணிகள் அதற்குள் நின்று ஒருவரையொருவர் படம் எடுத்தார்கள். பின்சந்துக்குள் திரும்பியபோது ஆசியா வீட்டு வாசலில் அத்தர் தெளித்து, ஜபருல்லாவுக்குப் பிடித்த ஆட்டுக்கால் சூப்பு வைத்தாள். கைலியைத் தேய்த்துக் கொடியில் போட்டாள். அது வீட்டுக்குள் வந்தது. டத்தோ கிராமாட்டில் நின்ற மாதிரியே, கூடத்தின் நடுவில், விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை நின்றது. வழி கேட்கிறவர் ஒரு வீட்டு வாசலில் நிற்கிற அளவு. பிறகு அடுத்த வீட்டுச் சுவருக்குள் போனது. அங்கிருந்து கடற்கரை ரோட்டுக்கு, ஃபெரித் துறைப் பக்கம்.

ஆசியா சூப்பைக் கொட்டவில்லை. பானையோடு சந்தில் வைத்துவிட்டு, அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புஷ்பராணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “யாருக்குக்கா நடந்தோம்? இத்தன வருசம் வெயில்லயும் மழையிலயும் எவன் பின்னால லா நடந்தோம் நாம?”

 அதற்குப் பதிலை ஹஸ்ருல் கொண்டுவந்தார். சுரங்க வேலையாட்களின் கொட்டகையில் அப்போது சமைத்துக்கொண்டிருந்த ஐனா என்ற பெண்ணைத் தேடிப்போய்ப் பார்த்திருந்தார். அவள் இப்போது கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் நாசி லெமாக் சோறு விற்கிறாள். அவள் மலாய் மொழியில் சொன்னதை ஹஸ்ருல் ஆசியா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னார்.

“மூணாவது ஒருத்தரு இருந்தாராம் அக்கா. உள்ள ஊறுற தண்ணிய பம்ப் வச்சு வெளிய இறைக்கிறவரு. பங்களாதேஷ்காரரு. பேரு தெரியாது, எல்லாரும் பம்ப் அபாங், பம்ப் அண்ணேன்னுதான் கூப்புடுவாங்களாம். பெர்மிட் கெடயாது. கம்பெனி ஆளும் இல்ல, யாரோ கூட்டிவந்து விட்டவரு. கடைக்கோடில நிக்கிற ஆளுன்னு அவருக்கும் ஒரு கருவி கட்டிவிட்டாங்க.”

“அவ ஏன் இத முன்னாடியே சொல்லல?” என்றாள் ஆசியா.

“நானும் அதத்தான் கேட்டேன். யாரும் எங்கிட்ட கேக்கலையேன்னா. மூணு பொம்பளப் புள்ளைங்களாம் அவருக்கு. ஊருக்குப் போகணும்னா இங்கேருந்து ஃபெரி, அப்புறம் ரயிலு, வடக்கால எல்லை தாண்டி, பர்மா வழியான்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பாராம்.”

கூடத்தில் எல்லாச் சத்தமும் கேட்டது: மின்விசிறி, சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள், அஸர் தொழுகைக்கு பாங்கு. ஆசியா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு வீட்டிலும் சாவு அன்றைக்குத்தான் விழுந்தது. யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்ற கேள்வி எழவில்லை. இருவரும் சமமாக அழுதார்கள். அழுது முடிந்தபின் புஷ்பராணி மெல்லக் கேட்டாள், “அவற்ர பிள்ளைகளுக்கு ஆர் சொன்னது?” ஒருவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

வட்டம் கடலுக்குள் இறங்கியதிலிருந்து ஃபெரிகள் நீரிணையின் நடுவில் ஒரு கணம் ஊமையாவது வழக்கமாயிற்று. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கப்பல் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். பயணிகள் பேச்சை நிறுத்தி, ஓசை திரும்பியதும் தொடர்வார்கள். கடலுக்கடியில் அவர் மெதுவாகத்தான் போனார். பட்டர்வொர்த்தில், ரயில் நிலையத்தின் மூன்றாவது மேடையில் அவர் கரையேறியபோது ஐனாதான் முதலில் கண்டு ஹஸ்ருலுக்குச் செய்தி அனுப்பினாள். இரண்டு பெண்களும் ஃபெரி ஏறிப் போனார்கள். மேடையில் போவோர் வருவோர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். துப்புரவுக்காரர் அங்கே ஒரு மஞ்சள் பலகையை வைத்திருந்தார், ஈரத்தரை என்று. ஆசியா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்று, கையேந்தி ஒரு துஆ ஓதிவிட்டு வந்தாள். புஷ்பராணி போனாள். கூப்பிடப் பெயர் இல்லை. அவள் உதடுகள் அசைந்ததை ஆசியா பார்த்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, அண்ணே, போயிட்டு வாங்க என்றேன் என்றாள்.

“வாங்கன்னா சொன்னீங்க?”

“வேற என்னண்டு சொல்றது?”

தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் போகும் ரயில் ஓசையில்லாமல் வந்து, ஓசையில்லாமல் புறப்பட்டது. வட்டம் தண்டவாளத்தை ஒட்டி வடக்கே திரும்பியது.

ஆசியா காதியிடம் போய்வந்து இத்தா இருந்தாள். வெளியே போகக் கூடாத அந்த மாதங்களில் காய்கறியும் மீனும் வாங்கிக்கொண்டு புஷ்பராணிதான் போய்வந்தாள். பரமநாதன் கடற்கரையில் அந்தியேட்டி செய்தார். எள்ளும் தண்ணீரும் விடும்போது, அத்தனை வருடம் வற்புறுத்தியவர், கையை மடக்கிக்கொண்டு விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். புஷ்பராணிதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். ஒரு நாள் ஹஸ்ருலைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். இடிந்த சரிவில் லாலாங் புல் மார்பளவுக்கு வளர்ந்திருந்தது. ஹஸ்ருல் வளையத்தைத் தூக்கிப் பிடித்து முழுச் சரிவையும் நடந்தார். ஹெட்போனில் ஒன்றுமில்லை. ஹெட்போனைக் கழற்றினால் எல்லாம் இருந்தது. சில்வண்டு, தூரத்தில் மரம் அறுக்கிற ரம்பம், பாறையில் வழியும் தண்ணீர், கீழே நகரத்தின் இரைச்சல். தம்பி இருக்கிற இடம் இப்படித்தான் இருக்கும் என்று அவள் புரிந்துகொண்டாள். புல்லில் உட்கார்ந்து அந்தச் சத்தங்களை வெயில் சாயும்வரை கேட்டாள்.

வடக்கிலிருந்து அவ்வப்போது தகவல் வந்தது. கெடாவில் ஒரு வயலில் நெல் அறுக்கும் இயந்திரம் நடு வயலில் ஊமையாகி மறுகரையில் பேசியதாக. பெர்லிசில் ஒரு பள்ளிவாசல் முற்றத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகள் தங்கியிருந்ததாக. சென்ற மாதம் பாடாங் பெசாரிலிருந்து ஹஸ்ருலின் நண்பர் ஒருவர் பேசினார். எல்லைச் சாவடியில், வெளியேறுகிறவர்களின் கடப்பிதழில் முத்திரை குத்தும் மேசைக்கு அடியில் ஒரு காலை அது இருந்ததாம். அதிகாரி முத்திரையை ஓங்கிக் குத்தினார், சத்தம் வரவில்லை. மையைத் தொட்டுப் பார்த்தார், பதிந்திருந்தது. அடுத்த ஆளை வா என்று கையால் கூப்பிட்டார். புஷ்பராணி இதைக் கேட்டுவந்து ஆசியாவிடம் சொன்னாள். ஆசியா கணவாய் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அவருட்ட பாஸ்போட் கேட்டாங்களாமா?”

“கேட்கேல்லையாம்.”

“கேக்க மாட்டாங்க லா” என்றாள் ஆசியா, மீனைத் திருப்பிப் போட்டபடி.

எல்லைச் சாவடியில் அன்று பத்தரை மணிக்கு முத்திரை மேசையில் சத்தம் திரும்பியது. வரிசை அதுவரை போன மாதிரியே போய்க்கொண்டிருந்தது.